ஊர் கூடித் தேர் இழுப்போம்: ஃபர்வானியா தரும் பாடம்



குடிவரவுச் சட்டங்களில் நியாயமான மாற்றங்கள் வரவேண்டுமானால் பல நாட்டு மக்களும் ஒன்றுபட்டு நிற்க வேண்டும் என்பதே இம்மாதப் பாடத்தின் பொருள். இதற்கும் ஆலயச் செய்தி மடலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நம்மிடையே வீசாவின் கதை இல்லாத குடும்பம் ஒன்று உண்டா? ஒருவர் படிக்க வந்திருப்பார், இன்னொருவர் அகதியாக வந்திருப்பார், மற்றவர் கணவரைத் தேடி வந்திருப்பார். அர்ச்சனைச் சீட்டில் பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுக்கும்போது, "விண்ணப்பத்திற்கு நல்ல பதில் வரவேண்டும்" என்ற வேண்டுதலையும் சேர்த்தே குருக்களிடம் கொடுக்கிறோம். ஆகவே இது ஆலய வாசலில் பேச வேண்டிய விடயந்தான்.

இதனைக் குவைத் நாட்டின் ஃபர்வானியாவிலிருந்து எழுதுகிறோம். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்று, 2004இல் கணக்காளராக இங்கு வந்து சேர்ந்தோம். ஊரில் நாம் அகதி. ஆனால் இங்கே அகதி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. வளைகுடா ஒத்துழைப்புச் சபை நாடுகள் ஆறில் எதுவும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. வேலை உள்ளவரை வீசா உண்டு. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும், ஊர் எரிந்துகொண்டிருந்தாலும். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

1. ஒரே படிக்கட்டு, பல நாடுகள்

குவைத்தின் ஆறு மாகாணங்களில் ஃபர்வானியாவும் ஒன்று. அதே பெயருள்ள நகர்ப்பகுதியும், கைத்தானும், நம்மவர் அப்பாசியா, ஹசாவி என்று சொல்லும் இடங்கள் அடங்கிய ஜ்லீப் அல்-ஷுயூக்கும் இம்மாகாணத்தில்தான் உள்ளன. குவைத்தில் வாழ்வோரில் மூன்றில் இரு பங்கிற்கு மேற்பட்டோர் வெளிநாட்டவர். இங்குள்ள ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் ஏறினால் மலையாளம், தெலுங்கு, வங்காளம், நேபாளம், சிங்களம், தகாலோக், எகிப்திய அரபு எல்லாம் காதில் விழும். கதவுக்குக் கதவு குழம்பின் மணமும் மாறும்.

கோபுரம் எழுப்பிய கோயில் இங்கே இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறையில் யாராவது ஒருவரின் வீட்டுக் கூடத்தில் பிள்ளையார் படம் வைத்துப் பஜனை செய்வோம். நேபாளத்தவர் பூக் கொண்டு வருவார். தெலுங்குக் குடும்பம் பிரசாதம் செய்யும். அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் ஒன்று. தீபாராதனை முடிந்து படியிறங்கும்போது மீண்டும் அவரவர் நாட்டுக்காரர் ஆகிவிடுவோம்.

இங்குள்ள குடிவரவு முறையின் பெயர் கஃபாலா. இக்காமா எனப்படும் வதிவிட அனுமதி, கபீல் எனப்படும் பொறுப்பாளரின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் முதலாளியே கபீல். அவருடைய சம்மதமின்றி வேறு வேலைக்கு மாறுவது கடினம். வேலைக்கு வராமல் ஓடிவிட்டார் என்று அவர் முறைப்பாடு செய்தால், நேற்றுவரை சட்டப்படி இருந்தவர் இன்று சட்டத்திற்குப் புறம்பானவர். தனியார் கம்பனி ஊழியருக்கு 18ஆம் பிரிவு வீசா. இதனை நம்மவர் 'ஷூன் வீசா' என்பர். வீட்டுப் பணியாளருக்கு 20ஆம் பிரிவு. அது 'காதிம் வீசா'. ஆக நாட்டால் ஒரு பிரிவு, மொழியால் ஒரு பிரிவு, வீசா எண்ணால் இன்னொரு பிரிவு.

2. சம்பளப் பட்டியலில் ஒரு பத்தி

நாம் முதலில் வேலை செய்த கம்பனி, அரசாங்கக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தங்களை எடுத்து நடத்தியது. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் தயாரிப்பது எமது பொறுப்பு. பட்டியலில் பெயர், சிவில் ஐடி எண், வேலை, நாடு, சம்பளம், கழிவு என்று பத்திகள் இருந்தன. 'வேலை' என்ற பத்தியில் எல்லோருக்கும் ஒரே சொல். 'சம்பளம்' என்ற பத்தியில் மட்டும் எண்கள் மாறின. ஏன் மாறின என்பதற்கு விடை இடையில் நின்ற 'நாடு' என்ற பத்தியில் இருந்தது. ஒரே துடைப்பம், ஒரே தளம், ஒரே பன்னிரண்டு மணி நேரம். கடவுச்சீட்டின் நிறத்திற்கேற்ப விலை.

வேலையில் சேர்ந்த புதிதில் இது எமக்கு உறுத்தியது. ஆறு மாதத்தில் பழகிவிட்டது. எம்மவரின் வரிசை பட்டியலின் அடியில் இல்லை என்ற சிறு ஆறுதலும் மனத்தின் ஒரு மூலையில் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆயினும் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவருக்குக் கீழே இன்னொருவர் இருக்கும்வரை, மேலே இருப்பவர் பட்டியலைப் பற்றிப் பேசமாட்டார். அத்தகைய பட்டியல் பல காலம் நிலைத்திருப்பதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

3. 2008 ஜூலை

எமது கட்டடத்தைத் துப்புரவு செய்தவர் வங்காளதேசத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர். நாம் கணக்கெழுதுபவர் என்று அறிந்ததனால் எம்மை 'ஹிசாப் பாய்' என்று அழைப்பார். தம் சம்பளத்தில் பிடித்தம் போகப் போக மிஞ்சுவது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அதை ஆங்கிலத்தில் முறைப்பாடாக எழுதித் தரும்படி கேட்டார். "வாற வெள்ளி பார்ப்போம்" என்றோம். வெள்ளிகள் போயின.

2008 ஜூலை மாதக் கடைசியில் வங்காளதேசத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஜ்லீப், ஹசாவிப் பகுதிகளில் ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த தொகை தரப்படவில்லை, கைக்கு 20 தினார் அளவே வருகிறது என்பது அவர்களது குறை. சில இடங்களில் வாகனங்கள் உடைக்கப்பட்டன, பொலிஸ் தலையிட்டது. நூற்றுக்கணக்கானோர் பிடிக்கப்பட்டு நாட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

எமது அறையில் அன்றிரவு பேசப்பட்டது ஒன்றே: "இது வங்காளிகளின் பிரச்சினை, நாம் தலையிடக் கூடாது." மலையாள அறையிலும் நேபாள அறையிலும் அதுவே பேச்சு. அச்சமும் உண்மையானது. ஊரில் யுத்தம் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. வேலை போனால் எமக்குத் திரும்ப இடமில்லை. கதவைச் சாத்திக்கொண்டோம். அடுத்த நாளிலிருந்து படிக்கட்டைக் கூட்ட அந்த இளைஞர் வரவில்லை.

பின்பு நடந்ததைக் கவனியுங்கள். அரசாங்கம் குறைகளை ஆராய்ந்து, அரச ஒப்பந்தங்களில் வேலை செய்யும் துப்புரவாளருக்குக் குறைந்தது 40 தினாரும், காவலாளருக்கு 70 தினாரும் தரவேண்டும் என்று ஆணையிட்டது. ஆணையில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. அதன்பின் எமது பட்டியலில் துப்புரவாளர் வரிசை முழுவதற்கும் 40 என்று நாமே எண் போட்டோம். அந்த வரிசையில் தமிழர் இருந்தனர், நேபாளத்தவர் இருந்தனர், சிங்களவரும் இருந்தனர். கேட்டவர்கள் போய்விட்டார்கள், கேளாதவர்கள் பெற்றுக்கொண்டோம். ஒரு கணக்காளரின் மொழியில் சொன்னால், அது இன்னும் தீர்க்கப்படாத கடன்.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒரு நாட்டவர் மட்டும் கேட்கும்போது, கேள்வியை விட்டுவிட்டு அந்த நாட்டவரையே பிரச்சினையாகப் பார்ப்பது எளிதாகிறது. ஆனால் விடை சட்டமாக வரும்போது அது எல்லோருக்குமே வருகிறது. பலன் எல்லோருக்கும் என்றால், கேட்கும் பாரத்தை ஒருவர் தலையில் மட்டும் வைப்பது எப்படி நியாயம் ஆகும்?

4. சட்டத்தின் கணக்கில் அந்தப் பத்தி இல்லை

2010இல் குவைத்தில் தனியார்துறைத் தொழிலாளருக்கான புதிய சட்டம் வந்தது. அது அவ்வாண்டின் 6ஆம் இலக்கச் சட்டம். சேவை முடிந்து போகும்போது பெற வேண்டிய பணிக்கொடைக்கு அதில் ஒரு கணக்கு உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 15 நாட் சம்பளம், அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். மொத்தம் ஒன்றரை ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டாது.

அந்தச் சட்டம் வந்த பின்னரே நாம் ஒரு சிறு வேலையைத் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் கூடத்தின் மூலையில் ஒரு மேசை, ஒரு கல்குலேட்டர். யார் வந்தாலும் அவரது பணிக்கொடைக் கணக்கைப் போட்டு, எந்த அலுவலகத்தில் முறைப்பாடு கொடுப்பது என்பதையும் எழுதிக் கொடுப்பது. இதற்குப் பணம் வாங்குவதில்லை. முதலில் தமிழர் வந்தனர், பிறகு தெலுங்கர், பிறகு பஜனைக்கே வராத வங்காள, பாகிஸ்தானிய முஸ்லிம்களும் வந்தனர்.

அந்த ஆண்டிலேயே ஒரு நாள், குருநாகலைச் சேர்ந்த கம்பனிச் சாரதி ஒருவர் தாள்களோடு வந்து நின்றார். சிங்களவர், எம்மிலும் வயதில் மூத்தவர். 2009 மே கழிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எம் உறவினரில் சிலர் இருந்த இடமே தெரியாத காலம். மனம் ஒப்பவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. "மல்லி, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்றார் தெரிந்த தமிழில். மல்லி என்றால் தம்பி.

எட்டு ஆண்டுச் சேவை, மாதம் 120 தினார் சம்பளம். ஒரு நாட் சம்பளத்திற்கு 120ஐ 26ஆல் வகுக்க வேண்டும். அதன்படி 15 நாளுக்கு 69 தினார் 231 ஃபில்ஸ். ஐந்து ஆண்டுக்கு 346 தினார் 154 ஃபில்ஸ். மீதி மூன்று ஆண்டுக்கு 360 தினார். மொத்தம் 706 தினார் 154 ஃபில்ஸ். கம்பனி நிறுத்தினால் முழுத்தொகை. ஐந்து ஆண்டுக்கு மேல், பத்து ஆண்டுக்குள் தாமே விலகினால் மூன்றில் இரு பங்கு, அதாவது 470 தினார் 769 ஃபில்ஸ். அவருக்கு 300 தருவதாகச் சொல்லியிருந்தார்களாம்.

கணக்கை முடித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சேவைக்காலம் வேண்டும், சம்பளம் வேண்டும், விலகிய காரணம் வேண்டும். நாடு வேண்டாம். கம்பனியின் பட்டியலில் இருந்த அந்தப் பத்தி சட்டத்தின் கணக்கில் இல்லை. முந்திய வாரம் ஒரு வவுனியாத் தம்பிக்குப் போட்ட அதே கணக்குத்தான் இவருக்கும். எங்கள் துயரம் அதனால் குறைந்துவிடவில்லை. ஊரில் தீராத வழக்கு ஊரில் தீராத வழக்காகவே இருக்கிறது. ஆனால் அவரது 706 தினாரை யாராவது மறுக்கலாம் என்றால், வவுனியாத் தம்பியின் பணத்தையும் மறுக்கலாம் என்பது விளங்கியது. ஒற்றுமை என்பது எல்லோரையும் நேசித்துவிடுவது என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஒரே சட்டத்தின் கீழ் நிற்கிறோம் என்று அறிவதே அதன் முதற்படி.

இதற்கு முன்னுதாரணமும் குவைத்தின் வரலாற்றிலேயே உண்டு. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்தினுள் புகுந்தபோது, ஏறத்தாழ 1,70,000 இந்தியர் அம்மான் வழியாக விமானங்களில் கொண்டுசெல்லப்பட்டனர். இலங்கையர், வங்காளதேசத்தவர், பிலிப்பைன்ஸ் நாட்டவர் எனப் பல்லாயிரவர் ஜோர்தானின் பாலைவன முகாம்களில் கூடாரத்துக்குக் கூடாரம் அருகருகே காத்திருந்தனர். பின்னர் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த இழப்பீட்டு ஆணைக்குழு, வெளியேற நேர்ந்தவருக்கு ஒரு நிலையான தொகையை வகுத்தது. தனியாளுக்கு 2,500 டொலர். வேறு வகையில் உரிமை கோருவதில்லை என்றால் 4,000 டொலர். வீட்டு வேலை செய்த இலங்கைப் பெண்ணுக்கும் எகிப்திய ஆசிரியருக்கும் ஒரே அளவுகோல்.

5. தனித்தனியே பேசியபோது

நம் நாடுகளின் அரசுகள் சும்மா இருந்தன என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனித்தே பேசியது. 2014இல், இந்தியப் பெண்களை வீட்டுப் பணிக்கு எடுப்போர் 720 தினார் வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும் என்று இந்தியா கேட்டது. நல்ல நோக்கந்தான். விளைவு, குவைத்தில் அவர்களை வேலைக்கு எடுப்பது நின்றது. 2017இல் இந்தியா அந்த நிபந்தனையை விலக்கிக்கொண்டது.

2018இல் பிலிப்பைன்ஸ் தம் பணியாளரை அனுப்புவதை நிறுத்தி, அவ்வாண்டு மே 11ஆம் திகதி குவைத்தோடு உடன்பாடு செய்தது. கடவுச்சீட்டை முதலாளி வைத்திருக்கக் கூடாது, கைபேசி வைத்திருக்க விட வேண்டும் என்பன அதில் இடம்பெற்றன. நல்ல உடன்பாடு. ஆனால் அது பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு மட்டும். அதே சமையலறையில் நின்ற இலங்கைப் பெண்ணுக்கு அந்தத் தாளில் இடமில்லை. 2023 மேயிலிருந்து ஓராண்டுக்கு மேலாகப் பிலிப்பைன்ஸ் நாட்டவருக்குப் புதிய வீசாவே நிறுத்தப்பட்டபோது, அந்த நாடு தனித்தே நின்றது. ஒரு நாடு கதவை மூடினால் முகவர்கள் அடுத்த நாட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். எல்லாக் கதவுகளிலும் ஒரே நிபந்தனை எழுதியிருந்தால் அது நடக்குமா?

பிரிவினையின் விலையை 2020இலும் கண்டோம். அவ்வாண்டு ஜூலையில், வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் நாட்டு வாரியாக உச்ச வீதம் வைக்கும் மசோதா பேசப்பட்டது. இந்தியருக்கு 15 வீதம் என்றது அது. அந்த எண்கள் அப்படியே சட்டமாகவில்லை. ஆனால் அந்த வாரங்களில் எமது படிக்கட்டில் கேட்ட பேச்சு, "அவர்கள் குறைந்தால் நமக்கு இடம் கிடைக்கும்" என்பதே. அதுவும் எப்போது? கொரோனாவால் ஃபர்வானியாவைச் சுற்றி வேலி போட்டு, மே 31 முதல் ஜூலை 26 வரை எல்லோரையும் ஒன்றாக அடைத்து வைத்திருந்த காலத்தில். வேலிக்குள் குப்பூஸும் அரிசியும் பங்கிடும்போது எவரும் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. வேலிக்கு வெளியே உள்ள இடத்தைப் பங்கிடும் பேச்சு வந்ததும் கேட்கத் தொடங்கினோம்.

6. சேர்ந்து பேசியபோது

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2014 ஜூனில் சர்வதேச தொழிலாளர் மாநாட்டில், பல நாடுகளின் தொழிலாளர் பிரதிநிதிகள் சேர்ந்து கத்தார் நாட்டின் மீது ஒரு முறைப்பாட்டைச் சமர்ப்பித்தனர். எமது நாட்டவருக்கு இது வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. குடிபெயர்ந்த தொழிலாளர் அனைவருக்கும் என்று கேட்டனர். உலகக் கிண்ணப் போட்டி வரவிருந்ததால் உலகின் கண்ணும் அங்கே இருந்தது. 2017 நவம்பரில் முறைப்பாடு முடித்துவைக்கப்பட்டது. சீர்திருத்தத்திற்குக் கத்தார் உடன்பட்டது. 2018இல் பெரும்பாலானோருக்கும், 2020 ஜனவரியில் வீட்டுப் பணியாளருக்கும், நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி நீங்கியது. வேலை மாற முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் வேண்டும் என்ற நிபந்தனையும் 2020இல் எடுக்கப்பட்டது. 2021 மார்ச்சிலிருந்து 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம், எந்த நாட்டவர் என்று பாராமல், வீட்டுப் பணியாளருக்கும் சேர்த்து. நடைமுறையில் குறைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அந்தச் சட்டத்தில் 'நாடு' என்ற பத்தி இல்லை.

குவைத்திலும் அவ்வாறே. வீட்டுப் பணியாளருக்கான 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் வாரம் ஒரு நாள் ஓய்வு, நாளுக்கு 12 மணி நேரத்திற்கு மேற்படாத வேலை, ஆண்டுக்கு 30 நாட் சம்பளத்துடன் விடுமுறை ஆகியவற்றைத் தந்தது. 2016இல் குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்றாயிற்று. இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் குவைத்தியரும் இருந்தனர் என்பது நன்றியோடு குறிப்பிடத்தக்கது. ஒற்றுமை என்ற வட்டத்தில் நம்மை ஏற்ற நாட்டின் நல்லோரும் அடங்குவர்.

வேறொரு கண்டத்து உதாரணம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்ட முதலாளிகள், பிலிப்பைன்ஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் மெக்சிக்கரையும், மெக்சிக்கர் செய்தால் பிலிப்பைன்ஸ் நாட்டவரையும் கொண்டுவந்து வேலையை முடிப்பது வழக்கம். 1965 செப்டெம்பர் 8ஆம் திகதி டெலானோ என்ற ஊரில் லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். எட்டு நாளில் சேசர் சாவேஸின் மெக்சிக்கச் சங்கமும் சேர்ந்துகொண்டது. போராட்டம் ஐந்து ஆண்டு நீடித்தது. 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

கனடாவில் வாழும் நம் குடும்பங்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சீக்கியர் உள்ளிட்ட ஏழு அகதிக் கோரிக்கையாளர் தொடுத்த 'சிங்' வழக்கில், 1985 ஏப்ரல் 4ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை கோரிக்கையாளரை நேரில் கேளாமலே தாள்களைப் பார்த்து மறுத்துவிட முடிந்தது. அந்தத் தீர்ப்பின் பின்னரே நேரில் விசாரிக்கப்படும் உரிமை உறுதியாயிற்று. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் 155 தமிழர் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் காணப்பட்டபோது, அந்த உரிமை ஏற்கெனவே அங்கே காத்திருந்தது. அதன்பின் கனடாவில் தம் கதையை நேரில் சொல்லி அகதி நிலை பெற்ற ஒவ்வொரு தமிழரும், யாரோ சில சீக்கியர் திறந்த கதவால் உள்ளே போனவர்.

7. இனி நம் பங்கு

2025 ஜூலை 1ஆம் திகதி குவைத்தில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. 18ஆம் பிரிவு வீசாவில் இருப்போர் நாட்டை விட்டு வெளியே போக முதலாளியின் அனுமதியைக் கணினி வழியாகப் பெற வேண்டும். அந்த வாரம் எமது கட்டடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மேல்மாடியில் இருக்கும் எகிப்தியப் பொறியியலாளர், முதன்முறையாகக் கீழ்த்தளத்துக் கட்டடத் தொழிலாளியிடம் வந்து, "உங்களுக்கு எத்தனை நாளில் அனுமதி வந்தது?" என்று கேட்டார். பொதுவான கஷ்டம் வந்த பிறகு பேசுவதைவிட, முன்னரே பேசப் பழகுவது நல்லதல்லவா?

சட்டத்தை மீறி வீதியில் இறங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. இங்கே வெளிநாட்டவர் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைக்க முடியாது. அதனால்தான் சட்டம் தரும் சிறு வழிகளை எல்லோரும் சேர்ந்து பயன்படுத்துவது முக்கியம். ஒப்பந்தத்தின் பிரதியை வைத்திருப்பது, சம்பளம் வங்கி மூலம் வந்ததற்குச் சான்று வைத்திருப்பது, முறைப்பாட்டு விதிகளைப் பல மொழியில் எழுதிப் பகிர்வது, தூதரகத்திற்கு மனுக் கொடுக்கும்போது அடுத்த நாட்டவரையும் தம் தூதரகத்திற்கு அதே மனுவைக் கொடுக்கச் சொல்வது ஆகியன எவராலும் செய்யக் கூடியவை.

வாக்குரிமையும் பேச்சுரிமையும் உள்ள நாடுகளில் வாழும் உங்களுக்கோ பொறுப்பு இன்னும் அதிகம். "நாங்கள் முறையாக வந்தோம், இப்போது வருகிறவர்கள் அப்படி இல்லை" என்ற பேச்சு ஆலய அன்னதான மண்டபங்களிலும் கேட்பதாக உறவினர் சொல்கிறார்கள். 2008இல் எமது அறையில் கேட்ட பேச்சின் மறுவடிவம் அது. குடிவரவுச் சட்டத் திருத்தம் பற்றி உங்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதும்போது தமிழருக்கென ஒரு சலுகையை மட்டும் கேளாதீர்கள். பக்கத்திலுள்ள குருத்வாரா, பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு எல்லோருக்குமான விதியைக் கேளுங்கள். சலுகை ஆளுக்கு ஆள் மாறும், ஆண்டுக்கு ஆண்டு பறிபோகும். விதி நிற்கும்.

ஊர்த் தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க வந்தவரிடம் எந்தக் குறிச்சி என்று கேட்டுக்கொண்டிருந்தால் தேர் இருப்பிடத்திலேயே நிற்கும். சில ஊர்களில் அப்படிக் கேட்டதும் உண்டு, தேர் நின்றதும் உண்டு. அந்தத் தவறைக் கடல் கடந்தும் சுமந்து வரவேண்டாம்.

அந்த வங்காள இளைஞர் தந்த தாள் இன்னும் எமது கோப்பில் இருக்கிறது. அவரது விலாசம் எம்மிடம் இல்லை. எழுதாமல் விட்ட அந்த முறைப்பாட்டிற்குப் பதிலாகவே ஒவ்வொரு வெள்ளியும் மேசையைப் போடுகிறோம்.

குடும்பத்தோடு கலந்துரையாட

1. உங்கள் குடும்பம் இந்நாட்டிற்கு வர உதவிய சட்டம் எது? அதற்காக முதலில் குரல் கொடுத்தவர்கள் எந்தச் சமூகத்தவர்?

2. உங்கள் வேலைத்தலத்திலோ பாடசாலையிலோ, நாட்டைப் பார்த்து நடத்தும் முறை உண்டா? அது நமக்குச் சாதகமாக இருக்கும்போது நாம் என்ன செய்கிறோம்?

3. நம் மனத்திற்கு ஒப்பாத ஒருவரோடு சேர்ந்து ஒரு பொது உரிமையைக் கேட்க நேர்ந்தால், எதை விட்டுக் கொடுக்கலாம், எதை விட்டுக் கொடுக்கக் கூடாது?

4. அடுத்த மாதத்திற்குள் நம் ஆலயச் சங்கம் அயலிலுள்ள எந்த ஒரு சமூகத்தோடு பேசத் தொடங்கலாம்?

பிள்ளைகள் தம் விடைகளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிச் சங்கத்திடம் கொடுக்கலாம்.